மதில்மேல் தூக்குச்சட்டி

அன்று சாயங்காலம் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் மூன்று பேர்: ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், அவர் மனைவி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள். அந்தப் பக்கம் போஸ்ட்மாஸ்டரின் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய சின்னப் பெண். தம்பிக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில். அதனால் எல்லோரும் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். இவர்களைத் தவிர வேறு ஒருவரும் அங்கே இல்லை. இருக்கவும் வழியில்லை. தெருவில் தலை காட்டினாலே போலீஸ் தடியோடு வந்து நிற்கும் ஊரடங்குக் காலம் அது.

இரண்டு வீடும் ஒரே மனையில் அப்பா கட்டியவை. நடுவில் மார்பளவு மதில், அதில் ஒரு சின்னக் கதவு. போஸ்ட்மாஸ்டரின் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு. நோய் பரவ ஆரம்பித்ததுமே ரேடியோ அந்தக் கதவை அவராகவே பூட்டிவிட்டார்.

"அண்ணிக்கு ஒண்ணுன்னா நான் தாங்கமாட்டேன். எதுவா இருந்தாலும் மதில்மேல வைங்க, எடுத்துக்கறோம்" என்றார்.

போஸ்ட்மாஸ்டர் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. மாதம் பிறந்தால் பென்ஷன் வந்தது. மகள் முன்னறையிலேயே மேஜை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தாள்; அவளுக்குச் சம்பளத்தில் ஒரு காசுகூடப் பிடிக்கவில்லை. பணம் வந்த செய்தி போனில் வரும்போதெல்லாம் போஸ்ட்மாஸ்டர் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக் கைகூப்புவார். கோயில் குளம் என்று அலைகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் கை தானாகக் குவிந்தது.

"ஊர்ல பாதிப் பேருக்கு அடுப்பு எரியல. நமக்கு எரியுது. இது நம்ம சாமர்த்தியம்னு நினைச்சிடாதே" என்று மகளிடம் சொல்வார்.

தினமும் மாலையில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வயது வரிசைப்படி போன் போடுவார். "சாப்பிட்டாச்சா?" என்பார். "ஆச்சு" என்பார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் இல்லை என்று சொன்னது கிடையாது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

தம்பியைப் பற்றித்தான் மனசு அரித்தது. கல்யாணம் இல்லை, கூட்டம் இல்லை, ஒலிபெருக்கி கேட்டு யார் வரப்போகிறார்கள்? ஆரம்பத்தில் நகராட்சிக்காரர்கள் கூப்பிட்டு, வண்டியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லச் சொன்னார்கள். ரேடியோ தொண்டை கிழியச் சொன்னார்.

"என் பொழப்புல நானே மண்ணப் போட்டுக்கறதுக்கு எனக்குக் கூலி வேற குடுக்கறாங்க அண்ணே" என்று சிரித்தார். அதுதான் கடைசி வேலை. அப்புறம் குழாய்களெல்லாம் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் தூங்கின.

பணமாகக் கொடுத்தால் தம்பி வாங்கமாட்டார். கொடுக்க அண்ணனுக்கும் வாய் வராது. ஆகவே தினமும் சாயங்காலம் தூக்குச்சட்டி நிறையச் சோறும் பருப்பும் காயுமாக மதில்மேல் போயிற்று. மறுநாள் சட்டி திரும்பி வரும்போது வெறுமையாக வராது. அது அவர்கள் அம்மா போட்ட சட்டம். இந்தக் குடும்பத்துப் பாத்திரம் எந்த வீட்டுக்குப் போனாலும் நிறைந்து போகவேண்டும், நிறைந்து திரும்பவேண்டும்.

அப்படியே திரும்பியது. ஒரு நாள் முட்டை. ஒரு நாள் சர்க்கரை. பிறகு துவரம்பருப்பு, டீத்தூள், வேர்க்கடலை. திறந்து பார்க்கும்போதெல்லாம் போஸ்ட்மாஸ்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"பாத்தியா? நான்தான் வீணாக் கவலப்பட்டேன். தம்பி கெட்டிக்காரன், எப்படியோ சமாளிச்சுக்கறான்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே அந்த முட்டையைத் தின்றார்.

அன்று வந்த சட்டி கனமாக இருந்தது. மூடியைத் திறந்தார். கல் உப்பு, கழுத்துவரைக்கும்.

"என்ன இது?"

"உப்புங்க" என்றாள் மனைவி.

"உப்புன்னு தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு. எதுக்கு உப்பு?"

முன்னறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நேத்துப் பருப்புல உப்பு கம்மிப்பா. சித்தப்பா சொல்லாமச் சொல்றாரு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். போஸ்ட்மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. சட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மதிலுக்குப் போனார். மனைவி பின்னாலேயே "என்னங்க, விடுங்க" என்று ஓடிவந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"டேய்! என் வீட்டுச் சோத்துல உப்பு பத்தலேன்னா வாயத் தொறந்து சொல்லு. சட்டி நெறைய அனுப்பி உன் அண்ணிய குத்திக்காட்டற வேலை வேண்டாம்!"

ரேடியோ கொட்டகை வாசலில் ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அவர் மனைவிதான் முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"சாப்பாட்டுல ஒரு குத்தமும் இல்ல மாமா. சட்டியில போட வீட்டுல வேற ஒண்ணும் இல்ல."

"உள்ள போ" என்றார் ரேடியோ.

"போறேன். சொல்லிட்டுப் போறேன்." அவள் போஸ்ட்மாஸ்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீங்க அனுப்பறது எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. மறுநாள் சமைக்க வச்சிருந்தத எடுத்து உங்க சட்டியில போட்டுடறோம். ஒரு வேளை வருது, ஒரு வேளை போகுது. நேத்தோட பருப்பும் தீந்துபோச்சு. உப்பு மட்டும்தான் மூட்டையா கெடக்கு."

போஸ்ட்மாஸ்டர் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார். முட்டை நினைவுக்கு வந்தது. அது அந்தக் குழந்தையின் முட்டை. சர்க்கரை போட்டு ரெண்டு டம்ளர் டீ குடித்து, பேஷ் என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தம்பி வீட்டு அலமாரியைத் தினமும் தன் கையாலேயே வழித்து எடுத்திருக்கிறார்.

தொண்டையைக் கனைத்தார். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாததால் அதுவும் அதட்டலாகவே வந்தது.

"நாளையிலேர்ந்து சட்டி வெறுமையா வரணும். நான் சொல்றேன்."

ரேடியோ இப்போதுதான் நிமிர்ந்தார். "மாட்டேன் அண்ணே. வெறும் சட்டிய நீட்டிட்டு நிக்கறவனுக்கு ஊர்ல என்ன பேருன்னு உனக்குத் தெரியாதா? அதுக்கு நீ சோறு அனுப்பறதையே நிறுத்திடு. பட்டினி கெடந்தாலும் அம்மா போட்ட சட்டத்தோட கெடக்கறேன்."

சொன்னபடி செய்கிற ஆள் ரேடியோ. அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். தம்பியின் இடத்தில் தான் இருந்தாலும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்போம் என்பதும் தெரியும். சட்டியோடு உள்ளே போனார்.

கோபித்துக்கொண்டு போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் நேராகச் சமையலறைக்குப் போய் உப்பை ஜாடியில் கொட்டினார். அதுவரை தன் வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவி அறியாத மனிதர், குழாயடியில் குனிந்து சட்டியைத் தேய்த்துக் கழுவினார். துண்டால் துடைத்து, மூடி போட்டு, எடுத்துவந்து மதில்மேல் வைத்தார்.

"எடு."

ரேடியோ தயங்கித் தயங்கி வந்து மூடியைத் திறந்தார். அவருடைய சின்னப் பெண் எக்கிப் பார்த்தாள்.

"பெரியப்பா! இதுல ஒண்ணுமே இல்ல!"

"ஆமாம்மா. ஒண்ணும் இல்ல." போஸ்ட்மாஸ்டர் தம்பியைப் பார்த்தார். "வெறும் சட்டிய மொதல்ல அனுப்பினவன் நான். அம்மா சட்டத்த மீறினவனும் நான். கேட்டா மூத்தவன்தான் கெடுத்தான்னு சொல்லு. இனிமே அத அப்படியே திருப்பி வைக்கறதுல உனக்கு ஒரு வெக்கமும் இல்ல. எனக்குத்தான்."

ரேடியோ சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியைப் போட்டு, சத்தம் வராமல் மதில்மேல் திரும்ப வைத்தார்.

"அண்ணிகிட்ட சொல்லு, பருப்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

அன்று சட்டியோடு ஒரு சாக்கு அரிசியும் மதிலைத் தாண்டியது. மகள் ஒரு பக்கம் பிடித்தாள், சித்தப்பா மறுபக்கம் வாங்கிக்கொண்டார். மறுநாள் சட்டி கழுவின ஈரத்தோடு வெறுமையாக வந்தது. போஸ்ட்மாஸ்டர் அதை வாங்கி உள்ளே வைத்தார். சாயங்காலம் போனை எடுத்தபோது சாப்பிட்டாச்சா என்று அவர் கேட்கவில்லை.

"அலமாரியில என்ன இருக்கு? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார் வெளியூரில் இருக்கும் தங்கையிடம்.

தங்கை போய்ப் பார்க்கவில்லை. அப்படியே அழ ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ பார்த்திருக்க வேண்டும். போஸ்ட்மாஸ்டர் வெறும் சட்டியைத் தம்பி முகத்துக்கு நேரே வைத்து அவமானப்படுத்தினார், அன்றைக்கே சொத்து பாகம் பிரிந்துவிட்டது என்று ரெண்டு தெரு தள்ளி இன்னும் பேசுகிறார்கள். வெறும் சட்டி வைத்தது உண்மை. அவமானப்படுத்தவில்லை. பாகம் எதுவும் பிரியவில்லை.