சென்றாயனின் கடைவாய்

1

இந்தக் கதை தருமபுரியில் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் பிறந்தது. என் வாயைப் பார்த்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: “பாதிப் பேரு வலிக்கிற எடத்தை நாக்காலயே மறைச்சுக்குவாங்க சார். காட்டத்தான் வர்றாங்க, வந்து மறைக்கிறாங்க.” அந்த ஒரு பேச்சைப் பொத்தி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, முதல் வரியை எழுதினேன்.

‘1938ஆம் வருடம், மார்கழிப் பனி மூடியிருந்த ஒரு’

பனியை யார் கேட்டார்கள்? நிறுத்திவிட்டேன். அந்த அரை வரி அங்கேயே கிடக்கட்டும், நீங்களும் பாருங்கள்.

2

ஆள் கிடைத்துவிட்டார். சென்றாயன், மாட்டுத் தரகர். கம்பைநல்லூர்ப் பக்கத்துச் சந்தைகளில் அவரைத் தெரியாத ஆளில்லை. (தரகர்கள் விலையை வாயால் பேசுவதில்லை. இருவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்தே கேட்பதும் கொடுப்பதும் நடக்கும். சுற்றி நிற்பவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இந்த அடைப்புக்குறியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.)

மாட்டின் பழுதை மறைப்பதில் சென்றாயன் எமகாதகர். காலைத் தாங்கி நடக்கும் மாட்டை நடக்கவே விடாமல் தீனி போட்டு நிறுத்திவைப்பார். கழுத்தில் கட்டி இருந்தால் அகலமாக மணிப்பட்டை கட்டிவிடுவார். எந்நேரமும் வலது கடைவாயில் புகையிலையை அடக்கியிருப்பார். அதே இடத்தில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. பிறகு தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மனைவி தீர்த்தம்மாள் விட்டுவிடுவாளா? வண்டி கட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்கு* இழுத்து வந்துவிட்டாள்.

(* எந்த ஆஸ்பத்திரி என்று தேடிப் போகாதீர்கள். செங்கல் வைத்து நானே எழுப்பியது. 1938இல் தருமபுரி சேலம் ஜில்லாவில் இருந்தது, அது மட்டும் நிஜம்.)

3

டாக்டர் செபாஸ்டின், அதியமான்கோட்டை விவசாயியின் மகன். அவருடைய அப்பாவுக்குச் சென்றாயன் ஒருகாலத்தில் நோஞ்சான் மாட்டைத் தள்ளிவிட்டிருந்தார் என்று முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தால் சினிமா வாடை அடித்தது. அந்த மாட்டைக் கதையிலிருந்து அப்படியே ஓட்டிவிட்டேன்.

சென்றாயன் வெற்றிலையை நன்றாக மென்று வாயெல்லாம் சிவக்க வைத்துக்கொண்டார். துண்டைக் கழுத்தோடு சுற்றி, இடது கன்னம் ஜன்னல் வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.

“எங்க வலிக்குது?”

“இந்தாண்ட, இடது பக்கம் பல்லுங்க.” மாட்டுக்குச் செய்வதுபோல் தன் உதட்டைத் தானே இழுத்துக் காட்டினார். “பாருங்க டாக்டரய்யா. ஒண்ணுகூட ஆடல.”

வெளியே கூட்டம் காத்திருந்தது. டாக்டர் இடது பக்கத்தைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. வெத்தலையைக் கொறைங்க.”

பழுது மாட்டை நல்ல விலைக்குத் தள்ளிவிட்ட குஷி சென்றாயனுக்கு. விற்ற இடத்தில் நிற்கக்கூடாது என்பது தொழில் பழக்கம், அதனால் விறுவிறுவென்று நடையைக் கட்டினார். தீர்த்தம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

“என்னங்க சொன்னாரு?”

“ஒண்ணுமில்லன்னுட்டாரு. வா, வூட்டுக்குப் போலாம்.”

“எந்தப் பக்கத்தைக் காட்டுனீங்க?”

சென்றாயன் வானத்தைப் பார்த்தார்.

“சந்தையில ஊரையே ஏமாத்தறீங்க, சரி. இங்க வித்ததும் நீங்க, வாங்குனதும் நீங்க. யாரை ஏமாத்திட்டு ஓடறீங்க?”

சென்றாயன் நடையை நிறுத்தினார். “பயமா இருக்குது புள்ள.”

“எனக்கும்தான்,” என்றாள் அவள். “திரும்புங்க.”

4

வாயைக் கொப்பளிக்க வைத்தார் டாக்டர். துண்டைத் தீர்த்தம்மாளே உருவி எடுத்தாள். டாக்டரின் ஒரு விரல் கடைவாய்க்குள்ளே, ஒரு விரல் தாடைக்கு வெளியே, நடுவில் அந்தக் கட்டி. ஓர் எலுமிச்சைத் துண்டைச் சப்பச் சொன்னார். உள்ளே கல் அடைத்திருந்தால் எச்சில் ஊறும்போது எச்சில் சுரப்பி வீங்கும். எச்சில் ஊறியது, கட்டி கொஞ்சமும் வீங்காமல் அப்படியே இருந்தது. புண்ணின் ஓரத்தில் துளி கிள்ளி மெட்ராசுக்கு அனுப்பினார்கள். பதில் வந்தது.

“கன்னத்துல புற்றுங்க. கீழ எச்சில் சுரப்பி வரைக்கும் எறங்கியிருக்குது. ஆனா கட்டி எலும்புல ஒட்டல, இன்னும் நகருது. வெட்டி எடுக்கலாம்.”

“எவ்வளவு எடுப்பீங்க?”

டாக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சென்றாயன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்துவிட்டு, துண்டை வாங்கி டாக்டரின் கைமேல் போட்டார். அதியமான்கோட்டைப் பிள்ளைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எத்தனை விரல் அகலம் என்று பிடித்துக் காட்டினார். சென்றாயன் ஒரு விரலை மடக்கினார். டாக்டர் அதை நிமிர்த்தினார். சென்றாயன் மறுபடி மடக்கினார்.

“கொறைச்சா நோவு உள்ளயே தங்கிடுங்க.”

“வாய் கோணிக்குமா?”

“கோணும்.”

“உசுரு?”

டாக்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “அதுக்கு உறுதி சொல்ல முடியாதுங்க. ஆனா வேற வழியில்ல.”

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சென்றாயன், சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டார்.

5

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவது: குளோரோபாரம் கொடுத்தார்கள், சென்றாயன் கண் விழிக்கவில்லை. ‘தீர்த்தம்மாள் வராந்தாவில்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவளிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இரண்டாவது: தழும்புகூட இல்லாமல் எழுந்து வந்தார். செபாஸ்டின் காகிதத்துக்குள்ளிருந்தே என்னை முறைத்தார். “கன்னத்தையும் சுரப்பியையும் எடுத்து ஒட்டுப்போட்டது நானு. தழும்பு எங்கீங்க போச்சு?” நியாயம்தான்.

மூன்றாவதைக் கேளுங்கள். சென்றாயன் பிழைத்தார். கன்னம் ஒட்டி, வலது வாயோரம் தொங்கிவிட்டது. புண் ஆறிச் சந்தைக்குப் போனார். அந்தப் பக்கத்து முகத்தில் சிரிப்பும் தெரியவில்லை, கவலையும் தெரியவில்லை. எதிராளிகள் தவித்துப் போனார்கள். தொழில் அமோகம்.

“முன்னயும் உங்க மூஞ்சியில ஒண்ணும் புடிபடாது. இப்ப அந்த டாக்டரு முத்திரையே குத்திட்டாரு,” என்றாள் தீர்த்தம்மாள். அவர் இடது பக்கத்தால் சிரித்தார்.

மறுபார்வைக்குப் போகும்போதெல்லாம் வலது கன்னத்தை வெளிச்சத்தில் வைத்து உட்கார்ந்தார். “மொதல்ல இதைப் பாருங்க டாக்டரய்யா.”

6

அப்புறம் எத்தனை வருடம் இருந்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? இந்த நோய் திரும்பி வரும், வராமலும் போகும். டாக்டருக்கே தெரியாததை நான் எப்படி எழுத? இரண்டாம் பகுதியின் அடைப்புக்குறி ஞாபகம் இருக்கிறதா? இதோ, துண்டைப் போட்டுவிட்டேன். கையை உள்ளே விடுங்கள். எத்தனை வருடம் என்று விரலைப் பிடியுங்கள். வண்டியில் காத்திருக்கும் தீர்த்தம்மாளுக்குக்கூடத் தெரிய வேண்டாம்.

தாராளமாகப் பிடியுங்கள். நான் ஒரு விரலையும் மடக்க மாட்டேன்.