சாராளின் முட்டைகள்

தொண்ணூற்று நான்கு நாள் காத்திருந்து, போன ஞாயிற்றுக்கிழமை அபிகாயில் அந்த இரண்டு முட்டைகளையும் வெட்டிப் பார்த்தாள். உள்ளே கரு விரல்நகம் அளவு வளர்ந்து, அதோடு நின்றுபோயிருந்தது. சூடு சரி, ஈரம் சரி. என்ன தப்பு நடந்தது என்று யோசித்து யோசித்து அவளுக்குத் தலை வலித்ததுதான் மிச்சம். இன்று காலை சாராள் மறுபடியும் இரண்டு முட்டை இட்டிருந்தது.

சாராள் முழங்கை நீளத்துக்கு ஒரு பல்லி. எங்கோ நியூ கலிடோனியா தீவில் மரத்தின் மேலேயே வாழும் இனம். சித்தூர் வீட்டின் பின்னறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஆபிரகாம் என்ற ஆணோடு குடித்தனம் நடத்தியது. பெயர் வைத்தவர் அப்பா இஸ்ரேல். "பல்லிக்கு ஆபிரகாமா? பாஸ்டரு வந்தா மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?" என்று அம்மா மேரி இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

முட்டைகளை மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டியில் ஈரமான நார்த்தூளில் பாதி புதைத்து, மேல்பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டாள் அபிகாயில். இட்டபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, பொரிக்கும்வரை அதே பக்கம் மேலே இருக்க வேண்டும். குறி அதற்குத்தான்.

அப்பா எட்டிப் பார்த்தார். பலமனேரில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

"குறி போட்டுட்டியா? சரி, நீ பஸ்ஸுக்குக் கெளம்பு. காலைல நான் திருப்பி வெக்கிறேன். சாயங்காலம் நீ திருப்பதியிலிருந்து வர்றதுக்குள்ள மறுபடி குறிய மேல கொண்ணாந்துடறேன். போன வாட்டி ஒரு நாளாவது உட்டனா?"

அபிகாயிலுக்குக் கை அப்படியே நின்றது. தினமும் திருப்பிவைக்க வேண்டிய கோழி முட்டைக்கும் பண்ணையில் அதே குறிதான் போடுவார்கள். திருப்பியது எது, திருப்பாதது எது என்று தெரிய.

"வேணா நைனா. பெட்டிய பூட்டிட்டுப் போறேன்."

"பூட்டு. சாவிய குடுத்துட்டுப் போ."

"கூடவே எடுத்துக்கினு போயிடறேன்."

"பஸ்ஸுல முட்டைய குலுக்கிக்கினு போவியா? பி.எஸ்சி. படிச்சவதானே நீ?"

அவள் பல்லைக் கடித்தாள். "இது கோழி இல்ல நைனா. திருப்பவே தேவையில்ல."

"தேவையில்லன்னா போவுது. செஞ்சா கெட்டா பூடும்? பர்வாலேது, எனக்கு வூட்டுல இன்னா வேலை!"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "உடுடி. தெனிக்கும் ஜெபம் பண்ணிக்கினேதான் திருப்புறாரு மனுசன். எனக்குக் காபி போட்டுக் குடுன்னா மட்டும் இடுப்பு வலி."

அபிகாயில் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டில் யாரிடமும் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் அவள். ஒரே ஒருமுறை வாயைத் திறந்து விளக்கியிருந்தால் போதும். இப்போது சொன்னால் இவர் முகத்தைப் பார்க்க முடியாது. சொல்லாவிட்டால் இவையும் போய்விடும். எப்படிப் போனாலும் முட்டுச்சந்து.

"இப்பவே ஒரு வாட்டி ஆரம்பிச்சிடட்டுமா?" அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். இரண்டு விரல் முதல் முட்டையை நோக்கிப் போயின.

"தொடாத!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் இப்படிக் கத்தி அந்த வீடு கேட்டதில்லை.

"பல்லி முட்டைய திருப்பினா கரு செத்துடும் நைனா. போன வாட்டி ரெண்டும் அப்படித்தான் செத்துச்சு."