இன்னும் ஒருவர்

லேத் பட்டறையில் உழைத்துச் சேர்த்ததெல்லாம் செல்போனுக்குள் காயினாகிக் கிடந்தது. அது குட்டிபோட்டுப் பெருகுவதாகத்தான் ஆப் காட்டியது. வெளியே எடுக்கப் போனால் மட்டும், 'இன்னும் ஒருவரைச் சேர்க்கவும்' என்றது. அந்தப் பணத்தைத் தலைமுழுக வேண்டியதுதான் என்று தம்பிக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்தும் அக்கா வீட்டுப் படியேறினான்.

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் காசக் கண்ணாலயாவது பாக்க முடியுமாடா?"

"யாரும் பாக்க முடியாதுக்கா. எல்லாரும் நம்புறதாலதான் அது காசு."

"அந்தக் கணக்கெல்லாம் எனக்கு வேணாம். நான் உன்னத்தான் நம்புறேன்" என்று வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள்.

அடகுக் கடைக்குப் போய்வந்து, அவள் எதிரிலேயே ஆப்பில் அவள் பெயரைச் சேர்த்து அந்தப் பணத்தையும் போட்டான். திரையில் முதலில் வாழ்த்து வந்தது. அடுத்து, அதே பழைய வரி.

செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

"மச்சான் வேல முடிஞ்சு எப்பக்கா வருவாரு?" என்றான்.