பில்சுன் உடுத்திப் போன கோடி

சனிக்கிழமை சாயங்காலம் பில்சுனும் கும்ரேயும் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மறுநாள் கடைக்கான சோயா முளையை வால் கிள்ளிக்கொண்டே சீரியல் பார்த்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து சாகும்வரை ஒட்டியும் வெட்டியும் வாழ்ந்த இரண்டு பெண்களின் கதை அது. நாளையோடு முடிகிறது. அன்றைக்கு இருவரில் ஒருத்தி செத்துப்போனாள். உள்ளே அவளுடைய அண்ணன்மார்கள் அவளைப் பெட்டியில் வைக்கிறார்கள். தோழிக்காரி வெளி நடையில் சுவரில் சாய்ந்து அழுகிறாள். பின்னால் பியானோ.

பில்சுனுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த முளையைத் தாம்பாளத்தில் எறிந்தாள்.

“ஆயுசு பூரா கூட இருந்தவ வெளிய நிப்பாளாம், நாளுக்கும் கிழமைக்கும் எட்டிப் பாக்காதவன் உள்ள நிப்பானாம். இத எழுதுனவன் ஆம்பளையாத்தான் இருப்பான்.”

“எழுதுனது பொம்பளடி. பேரு போட்டாங்க” என்றாள் கும்ரே.

“அப்ப இன்னும் மோசம். இங்க பாரு, நான் செத்தா நீ இப்படி நடையில நின்னு மூக்கு சிந்திக்கிட்டு இருக்காத. கதவ எட்டி உதை.”

“நீ செத்தா நான் நிம்மதியா தூங்குவேன். முதல்ல அந்த வால ஒழுங்கா கிள்ளு.”

பில்சுன் டிவி சத்தத்தை இன்னும் கூட்டினாள். காது மந்தம் என்று ஒத்துக்கொள்ளாமல், நடிகர்கள்தான் முணுமுணுக்கிறார்கள் என்பாள்.

ஞாயிறு காலையில் பொதுக் குளியலறைக்குப் போனவள் வெந்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்து, துண்டை எடுக்கக் கையை நீட்டி, அப்படியே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கும்ரேயிடம் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் யார் என்பது. தோழி என்றாள். சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்றார்கள். குன்சான் மீன்சந்தையை ஒட்டிய சந்தில் இருவரும் சேர்ந்து தொடுகறிக் கடை நடத்தி, அதன் பின்கட்டிலேயே ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டு வந்ததைச் சொல்ல அந்தக் கேள்வியில் இடமில்லை. சியோலில் இருக்கும் தேஷிக்கின் நம்பரைக் கொடுத்தாள். பில்சுனுடைய தம்பி மகன். தம்பி செத்தபிறகு அத்தையை அவன் எட்டிப் பார்த்ததில்லை.

தேஷிக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. கறுப்புக் கோட்டோடு வந்தான், குனிந்து வணங்கினான், எல்லாவற்றையும் மளமளவென்று செய்தான். கும்ரே ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த நேரத்தில் வீட்டுக்குப் போய் சாவுக்கென்று அத்தை முன்கூட்டியே எடுத்துவைத்திருந்த கோடியைக்கூட அலமாரியிலிருந்து எடுத்து வந்துவிட்டான். ஆஸ்பத்திரியை ஒட்டிய ஈமக்கூடத்து வாசல் டிவி திரையில் துக்கக்காரர் பெயர்கள் ஓடின: தேஷிக், அவன் மனைவி, பில்சுன் ஒருமுறைகூடத் தூக்கிப் பார்த்திராத அவன் பிள்ளைகள். கும்ரே அந்தத் திரையின் முன் நின்று, பெயர்கள் இரண்டாம் முறை சுற்றி வரும்வரை பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

வந்தவர்கள் பில்சுனின் படத்தின் முன் விழுந்து வணங்கிவிட்டுத் தேஷிக்கைப் பார்த்து வணங்கினார்கள். சந்தைக்காரர்கள் மட்டும் அந்தப் பக்கம் வணங்கிவிட்டு, அடுப்படிப் பக்கம் வந்து கும்ரேயின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் மாட்டிறைச்சிச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஊற்றச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் ஆளில்லை.

மறுநாள் மதியம் பெட்டியில் வைக்கும் சடங்கு. எல்லாரும் எழுந்து போனபோது கும்ரேயும் பின்னால் போனாள். வாசலில் தேஷிக் திரும்பி, தணிந்த குரலில் சொன்னான்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. உள்ள குடும்பத்துக்காரங்க மட்டும்தான். அதான் முறை.”

கதவு சாத்திக்கொண்டது. நடையில் ஒரு பெஞ்சு இருந்தது. கும்ரே உட்காரவில்லை, உட்கார்ந்தால் சீரியல்காரி ஆகிவிடுவாள். சுவரில் சாயவும் இல்லை. நடுநடையில் விறைத்து நின்றாள். உதைக்கத் தோன்றியது. எழுபது வயது முழங்காலை நினைத்தாள். அதைவிட, உதைத்துவிட்டு என்ன சொல்வது என்று நினைத்தாள். அவர்கள் கேட்கப்போவது அதே கேள்வி. நீங்கள் யார்.

யார் என்று அவளுக்கே எப்போதும் நேராகச் சொல்ல வந்ததில்லை. சின்ன வயதில் இருவரும் சியோலில் டோப்பா தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். பெண்களெல்லாம் வேலைநிறுத்தம் செய்து வாசலில் உட்கார்ந்த குளிர்காலத்தில், கும்ரே விடுதியில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். பில்சுன், தம்பியின் படிப்பு நின்றுவிடும் என்று, கும்ரேயின் சிவப்புக் கோட்டைக் கேட்காமல் எடுத்து மாட்டி, தலையை மூடிக்கொண்டு வேலைக்கு உள்ளே போய்விட்டாள். கை நீளக்காரிக்கு மணிக்கட்டு வெளியே தெரிந்திருக்கும். ஆனாலும் வாசலில் இருந்தவர்கள் கோட்டைத்தான் பார்த்தார்கள். காய்ச்சல் விட்டு வந்த கும்ரேயின் முகத்தில் துப்பினார்கள்.

ஒன்பது வருஷம் பேச்சில்லை. பிறகு ஒரு கிம்ச்சி போடும் நாளில் பில்சுன் உப்பில் ஊறிய கோஸைப் பெரிய பேசினில் சுமந்துவந்து வாசலில் இறக்கினாள். மேலே, துவைத்து மடித்த சிவப்புக் கோட்டு. தோள் தொங்கிப்போச்சு என்றாள் கும்ரே. உனக்குத்தான் தோளே இல்லை என்றாள் பில்சுன். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் கடைசிவரை எடுக்கவில்லை. அந்தத் தம்பியின் மகன்தான் இப்போது முறை சொல்கிறான்.

கதவு திறந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஊழியப் பெண் தலையை நீட்டி, தேஷிக்கை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“கோடி அளவு இல்லீங்க. கை எட்டவே மாட்டேங்குது. இது இவங்களுக்குத் தச்சதுதானா?”

அலமாரியில் மேலே இருந்த பெட்டிதான் என்றான் அவன். வேண்டுமானால் கூடத்திலேயே புதிதாக வாங்கிவிடலாம் என்றான்.

கும்ரே அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். வெளிறிய சணல் சட்டை. சந்திரக் கணக்கில் ஒரு மாதம் கூடி வந்த வருஷத்தில், அந்த மாதத்தில் கோடி எடுத்துவைத்தால் ஆயுசு கெட்டி என்று இருவரும் ஒன்றாகப் போய் எடுத்தது. மேல்பெட்டி குட்டைக்காரியுடையது. கீழ்ப்பெட்டி நெட்டைக்காரியுடையது. பில்சுனின் மணிக்கட்டு இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவள் தேஷிக்கைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

“அது என்னோடது.”

“அப்ப அத்தையோடது?”

“கீழ்ப்பெட்டி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி. நீ கேக்கல.” மேடைமேல் கிடந்தவளைப் பார்த்தாள். “இவளும் எப்பவும் கேட்டதில்ல.”

தேஷிக்கின் முகம் சிவந்தது. காரில் போய் எடுத்துவந்துவிடுகிறேன், கால்மணி நேரம்தான் என்றான்.

“வேணாம். போட்டுக்கிட்டே போகட்டும். அவளுக்கு அதுதானே பழக்கம்.”

“உங்களுக்கு, அம்மா?”

“எனக்கு அவளோடது இருக்கு. ஆனா ஒண்ணு. என் துணி உள்ள இருக்கு, நானும் உள்ளதான் இருப்பேன்.”

ஊழியப் பெண் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நகர்ந்தாள். கும்ரே சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். வராது என்று தெரிந்தும் இழுத்தாள். பிறகு, வெளியே தெரிந்த மணிக்கட்டைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பெட்டியில் வைத்து மூடும்வரை அப்படியே நின்றாள். அழுதாளா என்று கேட்டால், அழுதாள், கோபத்தில்.

சீரியலின் கடைசி அத்தியாயம் அருமையாக இருந்ததாகக் கடைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். அந்தத் தோழி கல்லறைக்குப் பூ கொண்டுபோகிறாளாம். நன்றாகக் கொண்டுபோகட்டும் என்று சொல்லிவிட்டு கும்ரே முளையைக் கிள்ளினாள்.

சந்தைத் தையல்காரி, பில்சுனின் சணல் சட்டையைக் கொண்டுவந்தால் அளவுக்குக் குறைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கீழ்ப்பெட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதன் கை இன்னும் ஒரு சாண் நீளம்.