கிரேஸோட ஏரோப்ளேனும் எங்க வூட்டுக்காரரு போட்ட கஞ்சியும்

எல்லாருக்கும் வணக்கம்பா. அல்லாரும் சௌக்கியமா? முட்டி, கண்ணு, சுகரு எல்லாம் எப்படி இருக்குது? இந்த வாட்டி வெயிலு மண்டைய பொளக்குது, மோரு கீரு குடிச்சு உடம்ப பாத்துக்குங்க. மாடல் வண்டிங்களுக்கு பெயிண்ட் அடிக்கிறவங்க ஜன்னல தொறந்து வச்சுக்கினு அடிங்கபா. நான் மூடிக்கினு அடிச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் காரணமே இல்லாம சிரிச்சுக்கினு இருந்தேன்.

இந்த பக்கத்துக்கு புதுசா வந்தவங்களுக்கு சொல்லிடுறேன். என் பேரு கிருஷ்ணம்மாள். காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். வூட்ல தறி இருக்குது, பட்டு நெய்யிறோம். முட்டி ஆபரேஷன் பண்ணிக்கினு கால நீட்டி உக்காந்திருந்தப்ப, எந்நேரமும் சீரியல் பாத்து, செத்துப்போன என் மாமியார் மேல புதுசா கோவம் வர ஆரம்பிச்சுடுச்சு. எம்பொண்ணு சுகாசினி பயந்துபூட்டு, ஒரு குட்டி ஜீப்பு கிட்டு வாங்கினு வந்து மடியில போட்டா. "இத ஒட்டிக்கினு இரும்மா, பாட்டிய வுட்டுடு"ன்னா. அன்னிக்கு புடிச்ச பைத்தியம்தான். இப்ப சாமி அலமாரிக்கு கீழ ஒரு தட்டு பூரா வண்டிங்கதான். எங்க வூட்டுக்காரரு தெனமும் கற்பூரம் காட்டும்போது கீழயும் ஒரு சுத்து சுத்துறாரு. கேட்டா, "எதுக்கு வம்பு, இருக்கட்டும்"ங்கறாரு.

அவரு பேரு வாயால சொல்ல மாட்டேன். டைப் பண்ணலாம், அதுல தப்பு இல்ல. சபாபதி.

இப்ப விஷயத்துக்கு வரேன். என் சிநேகிதி கிரேஸு. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து கூட படிச்சவ. பெரியாஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆயி இப்ப செவிலிமேட்டுல இருக்கா. அவங்களுக்கு பூர்வீகம் தாமல். அவங்க தாத்தா வரைக்கும் அடுத்தவங்க நெலத்துலதான் கூலி வேலை. அவங்க அப்பா அந்தோணி மட்டும் எப்படியோ மெட்ராசுக்கு போயி, மீனம்பாக்கத்துல ஏரோப்ளேன்ல மூட்டை ஏத்துற வேலைல சேந்துட்டாரு. அங்க ஒரு வெள்ளைக்காரரு ஊருக்கு போகும்போது, "உன் புள்ளைக்கு குடுப்பா"ன்னு ஒரு டப்பாவ குடுத்துட்டு போயிட்டாரு. உள்ள செகப்பு பிளாஸ்டிக்ல ஒரு ஏரோப்ளேன், துண்டு துண்டா. ஒட்டினா ரெட்டை இறக்கை வரும், ஒண்ணு மேல ஒண்ணு, அந்தக் காலத்து மாடலு.

கிரேஸோட அம்மா இன்னா பண்ணாங்கன்றீங்க? டப்பாவ டிரங்கு பொட்டியில வச்சு பூட்டிட்டாங்க! கிறிஸ்மஸுக்கு கிறிஸ்மஸ் தொறந்து காட்டுவாங்க. "பாத்துட்டியா? சரி, மூடு." அவ்ளோதான். தொடக்கூடாது. தொட்டா தொலைஞ்சுபூடும், பெரியவளானா எடுத்துக்கன்னுவாங்க. நானும் அவளும் எங்க வூட்டு திண்ணைல காலி நூல் கட்டைய கோத்து ரயிலு வுட்டுக்கினு இருந்தோம், அந்த ரயிலுக்கு மேல அவ கைய விரிச்சுக்கினு ட்ர்ர்ர்ருன்னு ஓடுவா. அதான் ஏரோப்ளேனு.

அந்த டிரங்கு பொட்டி இப்பதான், அவ தம்பி வூட்டு பரண்ல இருந்து அவ கைக்கு வந்துச்சு. நேரா தூக்கிக்கினு எங்க வூட்டுக்கு வந்துட்டா.

"ஏண்டி கிருஷ்ணா, எனக்கு கை நடுங்குது. ஊசி போட்ட கைடி இது, இப்ப ஊசில நூலு கோக்க முடியல. நீ ஒட்டிக் குடு."

"குடுக்கிறேண்டி, அதுக்கு எதுக்கு அழுவுற?"

"யாரு அழுவுறா? ஒன் வூட்டு வெங்காயம். இத பாரு, ஒரே ஒரு தடவ முழுசா கையில புடிச்சு பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம். ஒடைச்ச, அப்புறம் ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அவ சொன்னா செய்வா. ஒரு வாட்டி கல்யாண பந்தில அவ எலையில இருந்த அப்பளத்த நொறுக்கிட்டேன்னு ஒரு சித்திரை பூரா எங்கூட பேசல.

அதனால நான் கோயில் வேலை மாதிரி பாத்து பாத்து செஞ்சேன்பா. பிளாஸ்டிக்கு பழசு, மெல்லிசு, அப்பளம் மாதிரி. ஒரு ஒரு துண்டா அறுத்து, தேய்ச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு முடிச்சேன். கடைசியா இறக்கைங்களுக்கு நடுவுல கம்பி. இந்த ரெட்டை இறக்கை மாடல் செஞ்சவங்களுக்கு தெரியும், கம்பி டப்பாவுல வராது, நாமதான் நூலுல கட்டிக்கணும். எங்க வூட்ல நூலுக்கு பஞ்சமா? பட்டுல ஒத்தை இழை எடுத்து மேலயும் கீழயும் கட்டினேன். பாத்தா துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்குது.

சனிக்கிழம காலைல, "தொங்குதேங்க"ன்னு சும்மா பேச்சுக்கு சொன்னேன். வாய வச்சுக்கினு சும்மா இருந்திருக்கணும்.

எங்க வூட்டுக்காரரு கண்ணாடிய தூக்கி வுட்டுக்கினு பாத்தாரு. "கஞ்சி போடாத இழை எப்படி நிக்கும்? தொங்காம பரதநாட்டியமா ஆடும்?"ன்னாரு.

நான் சரி சரின்னுட்டு மார்க்கெட்டுக்கு போயிட்டேன். மறுநாள் ஞாயித்துக்கிழம அமாவாச வேற, காய்கறி வாங்கணும். கிரேஸும் மறுநாளே, சர்ச்சு முடிஞ்சு, எடுக்க வரேன்னு சொல்லி இருந்தா.

திரும்பி வந்து பாக்குறேன், மேசை மேல ஏரோப்ளேன் இல்ல.

"இன்னாங்க, எங்க?"

"காயுது."

"எது காயுது?"

"கஞ்சி போட்டா காய வைக்க வேணாமா? நீ நெசவுக்காரன் பொண்ணுதானே?"

பாவு, அதாம்பா தறியில நீளமா ஓடுற நூலு, அதுக்கு தெருவுல இழுத்துக் கட்டி அரிசி கஞ்சி போட்டு காய வைப்போம். இவருக்கு பொறந்ததுல இருந்து நூலுன்னா கஞ்சி, கஞ்சின்னா வெயிலு. இழை வெள்ளைக்காரன் ஏரோப்ளேன்ல இருந்தா இன்னா, எங்க இருந்தா இன்னா! சின்ன பிரஷ்ஷால அழகா ஒவ்வொரு இழையா கஞ்சி தடவி, பாத்ரூம் மேல தகர ஷீட்டுல கொண்டுபோயி வச்சிருக்காரு. அதோட வுட்டாரா? காக்கா தூக்கிக்கினு பூடும்னு, பழைய மீன் தொட்டிய அது மேல கவுத்து வச்சிருக்காரு. கீழ கொதிக்கிற தகரம், மேல கண்ணாடி. இட்லி அவிக்கிறவங்க கூட இவ்ளோ பக்குவமா மூடி போட மாட்டாங்க.

முட்டி வலியோட ஏணில ஏறி பாத்தேன்பா.

இழையெல்லாம் வீணை தந்தி மாதிரி விண்ணுனு நிக்குது. அதுல குறையே இல்ல. ஆனா சூட்டுல பிளாஸ்டிக்கு எளகி, இழை இறுகி, மேல் இறக்கைய கீழயும் கீழ் இறக்கைய மேலயும் இழுத்து, ரெண்டு நுனியும் ஒண்ணோட ஒண்ணு குசுகுசுன்னு ரகசியம் பேசிக்கினு இருக்குது. வாலு ஒரு பக்கம் திரும்பிக்கிச்சு, கோச்சுக்கினு போற மருமவ மாதிரி.

"எப்படி, இழை தொங்குதா இப்ப?"ன்னு கீழ இருந்து பெருமையா கேக்குறாரு மனுசன்.

ஏரோப்ளேன கீழ இறக்கி அவரு மூஞ்சிக்கு நேரா காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு.

"இது முன்னாடி இப்படி இல்லல்ல?"

"இல்ல."

"கிரேஸு கண்டுபுடிப்பாங்களா?"

"அவ ஏரோப்ளேன பாத்ததே இல்லீங்க, பறவைதான்னு சொல்லி குடுத்துடலாம்!"

அன்னிக்கு பூரா இன்னா இன்னாவோ பண்ணி பாத்தேன். சுடுதண்ணி ஆவில காட்டினேன். வெறலால நிமுத்தினேன். மெதுவா நிமுந்து வந்துச்சு, கைய எடுத்தா பழையபடி சுருண்டுக்குது. இழைய வெட்டி எடுக்கலாம்னா அந்த பழைய பிளாஸ்டிக்கு 'டிக்'குனு ஒரு சத்தம் குடுத்துச்சு, பயந்துபோயி வுட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழம பொழுது விடிஞ்சுது. கிரேஸுக்கு போன் பண்ணி, இன்னும் பெயிண்ட் காயலடி, அடுத்த வாரம் வான்னு சொல்லலாம்னு போனை எடுக்குறேன், வாசல்ல ஆட்டோ சத்தம். சர்ச்சுல இருந்து ஜல்தியா கெளம்பி வந்துட்டா. வெள்ளை பொடவை, தலைல பூவு, கையில கேக்கு.

ஏரோப்ளேன எடுத்து தறிக்குழில வச்சுட்டேன். தறி முன்னாடி நாம கால தொங்கப்போட்டு உக்கார்றதுக்கு ஒரு குழி இருக்கும் இல்ல, அதுக்குள்ள. வச்சுட்டு, "நீங்க போயி மேல உக்காருங்க, குழி தெரியக்கூடாது"ன்னேன்.

அவரு பதறிட்டாரு. "இன்னிக்கு அமாவாச! எவனாவது தறியில உக்காருவானா?"

"நெய்ய வேணாங்க, சும்மா உக்காருங்க! கால பாத்து வைங்க, மிதிச்சுடப் போறீங்க!"

எங்க ஊருல அமாவாசன்னா தறிங்களுக்கு லீவுபா. தெரு பூரா சத்தமே இருக்காது, ஆம்பளைங்க எல்லாம் வாசல்ல உக்காந்து கொட்டாவி வுட்டுக்கினு இருப்பாங்க. அந்த நாளுல எங்க வூட்டுக்காரரு, பட்டையா விபூதி பூசிக்கினு, தறியில உக்காந்துகினு, ரெண்டு கையையும் மடியில வச்சுக்கினு, போட்டோவுக்கு உக்காந்த மாதிரி நேரா பாத்துக்கினு இருக்காரு.

கிரேஸு உள்ள வந்தா. பாத்தா. செருப்ப கழட்டினவ அப்படியே நின்னுட்டா.

"அண்ணே, இன்னிக்கு அமாவாச இல்ல?"

"ஆமாம்மா."

"தறியில உக்காந்துகினு இருக்கீங்க?"

"நெய்யலம்மா. சும்மா."

"கால் குழில?"

"குளுமையா இருக்குதும்மா."

"எழுந்து வாங்க, கேக்கு சாப்புடுங்க."

"இங்கயே குடுத்துடு."

"சும்மா கேட்டு பாத்தேன். இன்னும் காக்காவுக்கு சோறு வச்சிருக்க மாட்டீங்க, அதுக்குள்ள கேக்கா?" அவளுக்கு ஊசி போடுற குரல் வந்துடுச்சு. ஆஸ்பத்திரில கட்டிலுக்கு அடியில பீடி ஒளிச்சு வச்ச நோயாளிங்கள எல்லாம் புடிச்சவ. "அண்ணே. கால எடுங்க."

எங்க வூட்டுக்காரரு என்ன பாத்தாரு. நான் கூரைய பாத்தேன். அவரு கால எடுத்துட்டாரு.

கிரேஸு மண்டி போட்டு, குழில கைய வுட்டு, எடுத்தா.

நான் வாய தொறந்து, கஞ்சி, தகரம், மீன் தொட்டின்னு ஒளறிக்கினு இருக்கேன். அவ கேக்கவே இல்ல. ரெண்டு கையிலயும் ஏந்திக்கினு திருப்பி திருப்பி பாக்குறா. சுருண்ட இறக்கைய ஒரு வெறலால தடவினா. முன்னாடி இருக்குற விசிறிய தட்டினா, அது சுத்துச்சு. அது மட்டும் நான் பசை படாம பாத்து வச்சிருந்தேன், சாமி புண்ணியம்.

"சுத்துதுடி"ன்னா.

"சுத்தும்டி. இறக்கைதான்…"

"தொட்டுட்டேன் பாரு"ன்னா.

அவ்ளோதாம்பா சொன்னா. அப்புறம் கொசுவத்த தூக்கி இடுப்புல சொருகிக்கினா. எனக்கு ஒண்ணும் புரியல. நேரா வாசலுக்கு போனா, தெருவுல எறங்கினா, ஏரோப்ளேன தலைக்கு மேல தூக்கி புடிச்சுக்கினு, "ட்ர்ர்ர்ர்ர்ர்"ருன்னு ஓட ஆரம்பிச்சுட்டா!

தறி லீவு, தெரு பூரா ஆளு. அத்தனை பேரும் கொட்டாவிய பாதில நிறுத்திட்டு பாக்குறாங்க. ஒருத்தரு, "நர்சம்மாவுக்கு இன்னா ஆச்சு?"ன்னாரு. இன்னொருத்தரு, "வழிய வுடுய்யா, பிளைட்டு வருது"ன்னாரு. கோயில் முனை வரைக்கும் போயி, திரும்பி வந்து, எங்க வூட்டு வாசல்ல நின்னு மூச்சு வாங்குறா. மூஞ்சி பூரா செவப்பு.

"கிரேஸு, போதும்டி, உக்காரு, பிரஷரு…"

"நகரு"ன்னுட்டு, கைய பின்னாடி இழுத்து, வுட்டா பாருங்க ஒரு வுடு!

அது பறந்துச்சுபா. சத்தியமா சொல்றேன், அந்த சுருண்ட இறக்கைய வச்சுக்கினே பறந்துச்சு. எதிர் வூட்டு கதிர்வேலு பனியனோட கயித்து கட்டில்ல மல்லாக்க படுத்து தூங்கிக்கினு இருந்தாரு. நேரா அவரு தொப்பை மேல போயி எறங்குச்சு, ஏர்போர்ட்டு மாதிரி. அவரு அலறி எழுந்தாரு, ஏரோப்ளேன் உருண்டு தரையில வுழுந்து, கீழ் இறக்கை ரெண்டா போச்சு.

எங்க வூட்டுக்காரரு கண்ண மூடிக்கினாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஓடிப்போயி பொறுக்கினேன். "இப்பவே ஒட்டிடுறேண்டி, பசை இருக்குது, ஒரு மணி நேரத்துல ஒட்டிடுறேன்"ங்கறேன்.

கிரேஸு கதிர்வேலு கட்டில்லயே உக்காந்துக்கினு, வயித்த புடிச்சுக்கினு சிரிக்கிறா. கண்ணுல தண்ணி கொட்டுது, தொடைச்சுக்கக்கூட இல்ல.

"இரு, இப்ப ஒட்டாத. மேல் இறக்கை நல்லாத்தானே இருக்குது? இன்னும் ரெண்டு ரவுண்டு வெளையாடிட்டு தரேன், அப்புறம் ஒட்டு"ன்னு என் கையில இருந்து புடுங்கிக்கினா. கதிர்வேலு தொப்பைய தடவிக்கினே, "எனக்கும் ஒரு வாட்டி குடு நர்சம்மா"ன்னாரு. "லைன்ல நில்லு"ன்னுட்டா.

சரிபா, என் கதை இவ்ளோதான். ஒங்க வூட்லயும் இப்படி பீரோவுல, டிரங்குல வச்சு பூட்டி, கண்ணுல காட்டிட்டு மூடிட்ட பொம்மை ஏதாச்சும் இருந்துச்சா? அப்புறம் கைக்கு வந்துச்சா, வந்ததும் இன்னா பண்ணீங்க? வெக்கப்படாம கீழ எழுதுங்க. கிரேஸும் பக்கத்துல உக்காந்துகினு இருக்கா, படிச்சு காட்டணுமாம்.