பூசணிப் பூவுக்குக் குடை

விடிந்ததிலிருந்து அவன் வீட்டுக்கும் நிலத்துக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தான். போவான், பூசணிக் கொடிகளுக்கு நடுவில் குனிந்து ஒரு பூவைப் பார்ப்பான், திரும்பி வருவான். வாசலில் பூட்ஸைக் கழற்றுவதற்குள் இன்னொரு பூவின் நினைப்பு வந்துவிடும். மறுபடி போவான்.

"ஒண்ணு உள்ள வாங்க, இல்லன்னா வெளியவே இருங்க," என்றாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து. "வீடு பூரா சேறு."

அவனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவன் அவளுடைய தம்பி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஒரு நாற்காலியில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராததைப் பார்த்து, "அக்கா, இவரு சுத்திட்டே இருந்தாத்தான் நிப்பாரு, நிறுத்தினா சாஞ்சிருவாரு," என்று சொல்லிவைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கோடையின் நடுப்பகுதி அது. ஆனால் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியவில்லை. மழை ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்தால்கூடப் பரவாயில்லை. இது கொட்டவும் இல்லை, விடவும் இல்லை. தூறும், நிற்கும், குளிர்காற்று வரும், மறுபடி தூறும். துணி துவைத்தால் காய்வதற்கு வழியில்லை. ஈரத்துணிகள் நாற்காலி முதுகுகளிலும் கதவுகளிலும் தொங்கி வீட்டுக்கே ஒரு புளித்த வாடை வந்துவிட்டது. வெளியே கொடிக்கம்பியில் துணி கிளிப்புகள் மட்டும் வேலையில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பூசணிக்கொடிகளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. இலைகள் முறம் முறமாக விரிந்திருந்தன. பூக்களும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன. காய்தான் இல்லை. பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு இருக்கும். காலையில் பூ விரிந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தேனீ வந்து ஆண் பூவின் மகரந்தத்தை அதில் தடவிவிட்டால் பிஞ்சு காயாகும். வராவிட்டால் மதியத்தில் பூ வாய் மூடிக்கொள்ளும். மூன்று நான்கு நாளில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். குளிரிலும் தூறலிலும் தேனீ கூட்டைவிட்டு வருவதில்லை. உதிர்ந்த பிஞ்சுகளைப் பம்பரம் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டு வந்து ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

போன வருஷம் வறட்சியில் போயிற்று. அப்போதே மனைவி நிலத்தை விட்டுவிடலாம் என்று பேச்சை எடுத்தாள். அவள் நகரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்ததிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள். "இன்னும் ஒரே வருஷம்," என்று அவன் கேட்டான். "அடுத்த வருஷமும் காய் பிடிக்கலன்னா நானே பழைய குடோனுக்குப் போயிடறேன். சத்தியமா." குடோனில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். அங்கே சூப்பர்வைசர் இன்னும் அவனுக்காக ஒரு இடத்தை வைத்திருந்தார்; அவ்வப்போது போன் செய்து, "என்னப்பா, மண்ணு போதுமா?" என்று கேட்பார். இந்த மாதத்துக்குள் பிஞ்சு பிடிக்காவிட்டால் அதற்கு மேல் பிடித்தாலும் முற்றாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் அவனை அதிகமாக அரித்தது.

தேனீப் பெட்டிகள் நிலத்தின் மேட்டோரம் வேலி நிழலில் இருந்தன. மைத்துனனுடையவை. தொழிலே அதுதான் அவனுக்கு. பூ பூக்கும் இடம் பார்த்துப் பெட்டிகளை வேனில் ஏற்றிப்போய் இறக்குவான். இறக்கிய அன்று ஒவ்வொரு பெட்டியின் மூடி மேலும் காற்றில் பறக்காமல் ஒரு செங்கல்லை வைத்தான். மற்றதையெல்லாம் படுக்கவைத்தான். கடைசிப் பெட்டியின் மேல் மட்டும் கல்லை நிமிர்த்தி நிற்கவைத்தான்.

"மாமா, உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரியும். அதனால சொல்றேன். பெட்டிப் பக்கம் வராதீங்க."

"ஏன் மாப்ளே, கடிச்சிருமா?"

"அது கடிச்சா உங்களுக்கு வலிக்கும். நீங்க திறந்தா எனக்கு வலிக்கும்."

அந்தக் காலையில் பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாள் முழுக்க ஒரு தேனீயைக்கூட அவன் பார்க்கவில்லை. பெட்டிகளின் வாசல் துளைகளில் நடமாட்டமே இல்லை. உள்ளே எல்லாம் செத்துக் கிடக்கிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. நடந்து நடந்து கடைசிப் பெட்டியின் முன்னால் நின்றான். காதை வைத்துப் பார்த்தான். தூறல் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. சரி, ஒரே ஒரு பார்வை, பார்த்தால் மனசு அடங்கும் என்று செங்கல்லை எடுத்துக் கீழே வைத்து மூடியைத் தூக்கினான்.

சாகவில்லை. தேனடைச் சட்டங்களுக்கு நடுவில் கைப்பிடி கைப்பிடியாக ஒன்றோடொன்று ஒட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தின் மேல் மழைத்துளிகள் விழுந்தன. ஒரு சீறல் எழுந்தது. கழுத்தில் ஒன்று, கண்ணிமையில் ஒன்று வாங்கிக்கொண்டு மூடியைப் போட்டான், கையில் அகப்பட்ட மாதிரி கல்லை வைத்தான், வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டவன் போல வீட்டுக்கு ஓடினான்.

"என்ன கண்ணு இப்படி வீங்கியிருக்கு?" என்று மனைவி கேட்டதற்கு, "வேலி முள்ளு," என்றான்.

"முள்ளுக்குக் கொடுக்கு இருக்கா?" இமையில் ஒட்டியிருந்ததை அவள் நகத்தால் சுரண்டி எடுத்துக் காட்டினாள்.

மறுநாள் தேனீக்கார மைத்துனன் வேனில் வந்தான், சர்க்கரைப்பாகு கேன்களோடு. வெளியே போக முடியாத தேனீக்களுக்கு இப்போது அதுதான் சாப்பாடு. பம்பரம் ஒரு கண்ணை மூடிக்கொண்டே அவன் பின்னால் போனான். கடைசிப் பெட்டிக்கு வந்ததும் தேனீக்காரன் கேனைக் கீழே வைத்தான்.

"இந்தக் கல்லை யாரு படுக்கவெச்சது?"

பம்பரம் வேலிப் பக்கம் பார்த்தான்.

"காத்துல விழுந்திருக்கும் மாப்ளே."

"விழுந்தா கீழ கிடக்கும். மேல ஏறிப் படுத்துக்காது." திரும்பி அவன் கண்ணைப் பார்த்தான். "கல்லு நின்னா புது ராணி, தொடாதேன்னு அர்த்தம். எனக்கு நானே சொல்லி வெச்சுக்கிறது. இந்தப் பெட்டிக்கு இப்பத்தான் ராணி அமைஞ்சுது மாமா. மழையில திறந்து குளிரை உள்ள விட்டிருக்கீங்க. ராணிக்கு எதாவது ஆயிருந்தா பெட்டியே போச்சு."

"செத்துப்போச்சோன்னு பார்த்தேன்."

"சாகாததை சாகடிக்கவா?"

அவன் மண்டியிட்டுக் காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டான். விரல் முட்டியால் லேசாக ஒரு தட்டு தட்டினான். பம்பரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே சட்டென்று எழுந்த ரீங்காரம் உடனே அடங்கியது.

"ராணி உயிரோடதான் இருக்கா," என்றான் தேனீக்காரன். "அவ இல்லன்னா இப்படி அடங்காது, அழுதுட்டே இருக்கும்." எழுந்து முழங்காலைத் தட்டினான். "ஆனா இனிமே இங்க வெக்க மாட்டேன். இதுங்களுக்கும் இங்க வேலை இல்ல, உங்களுக்கும் இதுங்களால பிரயோசனம் இல்ல. இன்னிக்கே ஏத்திடறேன்."

பம்பரம் வேனுக்குக் குறுக்கே போய் நின்றான். ஒருநாள் வெயில் வந்தால்கூடத் தேனீ வேண்டுமே என்று கெஞ்சினான். மைத்துனன் கேட்கவில்லை. வேனைப் பின்னால் எடுத்தான். மேட்டோரப் பாதை பம்பரம் நடந்து நடந்தே கூழாகிப் போயிருந்தது. சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கியது. பலகை போட்டார்கள், சாக்கு போட்டார்கள், தள்ளினார்கள். வேன் நகரவில்லை. இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சேறாகி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"உழுது வெச்சிருக்கீங்க மாமா, நல்லா."

"நீதான் நட்டிருக்க மாப்ளே, வேனை."

மனைவி வேலையிலிருந்து வந்தபோது தம்பி அவளுடைய கணவனின் பழைய பைஜாமாவில் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். மண் கொஞ்சம் இறுகும்வரை அவன் அங்கேதான். நடந்ததை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் ஜன்னல் விளிம்பிலிருந்த காய்ந்த பிஞ்சு ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள்.

"ஏன்டா, தேனீ செய்யறதை கையால செய்ய முடியாதா?"

"செய்யலாம்க்கா. ஆனா மழைத்தண்ணி பட்டா மகரந்தம் வீணாப் போயிரும்."

"படாம செஞ்சா?"

தம்பி யோசித்தான். சாயங்காலமே போய், மறுநாள் விரியப்போகிற ஆண் பூக்களைக் காம்போடு பறித்து வந்து வீட்டில் தண்ணீரில் வைக்கலாம். பெண் பூக்கள் மழையில் திறந்துவிடாமல் நுனியை எதையாவது வைத்துக் கவ்விவிட வேண்டும்.

அவள் வெளியே போய்க் கொடிக்கம்பியிலிருந்த துணி கிளிப்புகளையெல்லாம் ஒரு வாளியில் உருவிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அன்று இருட்டுவதற்குள் நிலம் முழுக்க பச்சை இலைகளுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாகக் கிளிப்புகள் முளைத்திருந்தன. சமையலறை மேசையில் டம்ளர் டம்ளராக ஆண் பூ மொட்டுகள். விடியற்காலையில் அவை வீட்டுக்குள்ளேயே விரிந்தன.

முதல் பூவைப் பம்பரம்தான் செய்தான். அவசரத்தில் கிளிப்பை இழுத்ததில் பிஞ்சு காம்போடு ஒடிந்து கையில் வந்தது. இரண்டாவது பூவில் ஆண் பூவை அழுத்தித் தேய்த்ததில் உள்ளே எல்லாம் நசுங்கியது. மூன்றாவதை மனைவி கொடுக்கவில்லை.

"இதென்ன, பாத்திரம் தேய்க்கிறீங்களா? நகருங்க."

அவள் கிளிப்பை எடுத்தாள், இதழை இரண்டு விரலால் விலக்கினாள், ஆண் பூவைக் குழந்தைக்கு மை வைப்பதுபோல் ஒற்றி எடுத்தாள், மறுபடி கவ்வினாள். நாள் முழுக்க நுண்ணோக்கியின் கீழே கண்ணாடித் தகடுகளை நகர்த்துகிற கை அது. அடுத்த வரிசையில் தம்பியும் அப்படியே செய்தான். சொட்டென்று ஒரு துளி அவள் குனிந்திருந்த பூவுக்குள் விழுந்தது.

"குடை," என்றாள் அவள், நிமிராமல்.

பம்பரம் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். வீட்டிலேயே பெரிய, கறுப்புக் குடை. அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"எனக்கில்ல. பூவுக்கு. கீழ இறக்குங்க. ஆட்டாதீங்க."

ஆட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. கை கடுத்தது. முதுகில் தண்ணீர் இறங்கியது. பக்கத்துக் கொடியில் ஒரு களை தெரிந்தது. பிடுங்கக் கை துறுதுறுத்தது. இடது கால் தன்பாட்டுக்கு நகர்ந்தது.

"மாமா, குடை நடக்குது," என்றான் மைத்துனன்.

"கண்ணை வேலையில வெச்சுக்கோ மாப்ளே."

"அக்கா, பம்பரத்தை ஆணி அடிச்சு நிறுத்திட்டியே. ஊருக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க."

தினமும் அவள் பஸ்ஸுக்குப் போகும்வரை இப்படியே நடந்தது. மிச்ச நேரத்தில் அவனை நிலத்துக்குள் போக அவள் விடவில்லை. "கிளிப்பைத் தொடக்கூடாது. பூ வாடித் தானா விழணும். விழுந்தாத்தான் பார்க்கணும்." அவன் வராந்தாவில் நடந்தான், பிறகு சமையலறையில் நடந்தான். தூங்கும்போதும் கால் ஆடுகிறது என்று அவள் சொன்னாள்.

ஒரு வாரம் போலக் கழித்து மேட்டோர வரிசையில் ஒரு நீலக் கிளிப், வாடிய பூவைக் கவ்வியபடியே கீழே கிடந்தது. பம்பரம் அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான். கிட்டே போகக் கால் வரவில்லை. அது அவன் வாழ்க்கையில் முதல் தடவை. பிறகு போய் இலையை விலக்கினான். பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கியிருந்தது. அதை எடுத்து அவன் சட்டைப்பையில் போடவில்லை. அடுத்த கிளிப். அதுவும் மஞ்சள். மூன்றாவது கிளிப் கிடந்த இடத்தில் இலைக்கு அடியில் அவன் உள்ளங்கையை அடைக்கிற அளவுக்கு ஒரு காய் இருந்தது, கரும்பச்சையாக, மினுமினுப்பாக. தொட்டுப் பார்க்காமல் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வரிசையின் கடைசிவரை அப்படியே நடந்தான். பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. மீதி நின்றது.

குளிர்காற்றில் மண் கொஞ்சம் இறுகியது; தேனீக்காரன் வேனைக் கிளப்பினான். பெட்டிகளை ஏற்றவில்லை. "வெயில் வந்தா வேலை செய்யும்," என்று மட்டும் சொன்னான். கடைசிப் பெட்டியின் கல்லை மறுபடி நிமிர்த்தி வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு கூழாங்கல்லையும் வைத்தான்.

"இது எதுக்கு மாப்ளே?"

"இது உங்களுக்கு. எடுத்தா தெரிஞ்சிரும்."

வெயில் வரவில்லை. மறுநாள் காலையும் தூறியது. அவளும் அவனும் மட்டும் நிலத்தில் இருந்தார்கள். அவன் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஆண் பூக்கள் வைத்த டம்ளர். கால்கள் சேற்றில் ஊன்றியிருந்தன. அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்களேன்."

"எதால எடுக்கறது?"

அவள் விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவன் பையிலிருந்து போனை எடுத்தாள். திரையில் யார் என்று இரண்டு பேரும் பார்த்தார்கள். குடோன் சூப்பர்வைசர். சத்தியம் பண்ணியது அவன்தான். அதைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவள் அவள் என்று அவனுக்குத் தோன்றியது. டம்ளருக்குள் பூக்கள் லேசாக நடுங்கின. குடை நடுங்கவில்லை.

அவள் கொடியின் நீளத்தை ஒரு தடவை பார்த்தாள், கிளிப்புகள் விழுந்த இடங்களையும் விழாத இடங்களையும். பிறகு போனைக் காதில் வைத்தாள்.

"இல்லைங்க, அவரால பேச முடியாது," என்றாள். "கை ரெண்டும் வேலையா இருக்கு... இல்லைங்க, குடோனுக்கு வரலை. இங்க குடை பிடிக்கிற வேலையில சேர்ந்துட்டாரு."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, சிரித்தாள். போனை அவன் பையில் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த பூவுக்குக் குனிந்தாள்.

"ஆட்டாதீங்க," என்றாள்.