பத்தொன்பது மணி நேரத்தில் ஒரு திருத்தம்

நான் அனுப்பிய திருத்தத்தைப் பத்தொன்பது மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அதுதான் உறுத்தியது.

திருச்சி டவுன் பஸ் நேரம் சொல்லும் அந்தச் செயலியின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். மற்றவர்கள் அனுப்பியவை கேள்விகளோடு மாதக்கணக்கில் கிடக்கும். எனக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. பெண்களை ஊக்குவிக்கும் திட்டத்தின் வழியாகச் சேர்ந்தவள் நான். பெண் என்பதால் படிக்காமலே ஏற்றுக்கொண்டார்களோ? அப்படியென்றால் விலகிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

சனிக்கிழமை தென்னூரில் செயலிக்கு எழுதுபவர்களின் கூட்டம். திட்டத்தை நடத்தும் கேத்தரின் மேடம்தான் என் திருத்தத்தை ஏற்றவர். டீ இடைவேளையில் அவர் தனியாக நின்றபோது போய்க் கேட்டேன்.

“நான் எழுதினதைப் படிச்சீங்களா மேடம்?”

“ரெண்டு தடவை. தேரோட்டம் அன்னிக்கு பஸ் அம்மா மண்டபத்தோட நின்னுடும், கோயில் வரைக்கும் போகாது. ஸ்ரீரங்கத்துப் பொண்ணு சொன்னாத்தான் உண்டு.”

“ஆனா நான் திருத்தின அந்த வரி ஜெபராஜ் சார் எழுதினது. செயலியில பாதி அவரோடது. அவரைக் கேக்காம எப்படி மாத்துனீங்க?”

“கேட்டாச்சும்மா.”

“அவர் அஞ்சு வருஷமா யாருக்கும் பதிலே போடலையே.”

“நான் பொய் சொல்றேன்னு நினைக்கிற.”

“ஆமாம் மேடம்.”

அவர் டீ கிளாஸை ஜன்னல் ஓரம் வைத்தார். கொஞ்சம் சிரித்தார்.

“ஆரம்பத்துல நிரலைக் கேத்தரின்னு பேர் போட்டு அனுப்பினப்ப ஒருத்தரும் திறந்துகூடப் பாக்கல. தேரோட்டத்தை மறந்த அந்த ஜெபராஜ் நான்தான்.”